குரங்குக் குடி

மக்களே, போன கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் பிடித்த சண்டைக்கு அப்பா ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். கோபம் இல்லை. வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மகள், நீ உயிரியல் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இதப் படிச்சிப்போட்டு மறுகா திருநீறும் பூசினா அது ஏமாத்து அப்பா. ரெண்டில ஒண்ட விடத்தான் வேணும்" என்றாய். மகன், நீயாவது சும்மா இருந்தாயா? "அப்ப பாடத்த விடு. இல்லாட்டி கோயில் அம்மாள் கண்ணக் கெடுத்துருவா" என்றாய். அக்கா உன்னைக் குரங்கு என்றாள். உங்கள் அம்மா அகப்பையோடு வந்து, "என்ன கோதாரிப் பாடம் இது, உலகத்தில வேற பாடம் இல்லயா?" என்றார்.

அன்றையிலிருந்து மகள் புத்தகத்தையும் எடுக்கவில்லை, பின்னேரம் விளக்கு வைக்கவும் வரவில்லை. ஒன்றை விடப்போகிறேன் என்றவள் இரண்டையும் விட்டுவிட்டுத் திரிகிறாள். அதுதான் எனக்குப் பயம். அதனால் எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவன் நான். சாத்திரமும் படித்ததில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இவ்வளவும் எழுதாமல் உங்களை ஓட்டோவில் ஏற்றி அவர் வாசலில் இறக்கிவிட்டிருப்பேன்.

மகள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கின காலம். வாகரைப் பக்கத்தில் நாம் இருந்தபோது, பெரிய பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்த டீச்சர் ஒருவருக்கு நான் ஓட்டோ ஓடினேன். காலையில் கொண்டு விட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டி வருவேன். அவருக்கு முழங்கால் வருத்தம். மணல் ஒழுங்கையில் நடக்க ஏலாது. நெட்டையான ஆள். ஓட்டோவுக்குள் குனிந்து ஏறும்போது முன்கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த அம்மாள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இறங்கும்போது சேலைத் தலைப்பில் சோக்குத்தூள் ஒட்டியிருக்கும்.

முதல் நாள், வானம் கறுத்துக் கிடந்தது. "மழை வருமா டீச்சர்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"தெரியாது தம்பி," என்றார்.

அதைச் சொன்ன விதத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் தெரியாது என்று சொல்லும்போது முகம் சுருங்கும். அவருக்கு முகம் விரியும். கண்ணாடியில் பார்த்தேன், யாரோ கையில் பலகாரம் வைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சொல்லுக்காக ஊரில் அவரைப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. சந்தியில் மீன் விற்கிற அக்கா ஒருவர் இருந்தார், வாய்க்காரி. ஒருநாள் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இது எத்தின வயசு மீன் சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டார்.

"தெரியாதுகா. வெட்டிப் பாத்தா சில நேரம் சொல்லலாம்."

"தெரியாட்டி என்னத்துக்கு உங்களுக்குச் சம்பளம் தாறாங்க?"

"தெரியாதத தெரியாதெண்டு சொல்லத்தான். தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதுக்கு ஆக்கள் சும்மாவே கிடைக்கிறாங்கதானே!"

மீன் அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், அந்தத் தலை பெருத்த மீனைச் சும்மாவே கொடுத்துவிட்டார். டீச்சர் அதைச் சமைத்தாரோ வெட்டிப் பார்த்தாரோ எனக்குத் தெரியாது.

கைப்பை என்றேனே. அதற்குள் திருநீற்றுப் பை, குங்குமம், கற்பூரம் எல்லாம் இருக்கும். கூடவே செத்த வண்டு, நண்டின் கொடுக்கு, பாம்புச் சட்டை, காய்ந்த குருவிக் கால். எல்லாம் வகுப்பில் காட்ட. வழியில் ஏதாவது செத்துக் கிடந்தால், "நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு" என்பார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். சின்னதுகளைத் தீப்பெட்டிக்குள் போடுவார். கற்பூரமும் தீப்பெட்டிக்குள்தான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாள் கோயிலில், அங்கே பூசை செய்கிற கட்டாடியார் கற்பூரம் கேட்டுக் கை நீட்டினார். டீச்சர் கொடுத்த பெட்டியைத் திறந்தால், உள்ளே மினுங்கிக்கொண்டு ஒரு பொன்வண்டு.

கட்டாடியார் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், அம்மாளுக்கு நாம வண்டு கொளுத்துறதில்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

டீச்சரின் வாயிலிருந்துதான் கூர்ப்பு என்ற சொல்லை நான் முதலில் கவனித்துக் கேட்டேன். மகள், நீ சண்டை பிடிக்கிற அதே பாடம்.

"கூர்ப்பு எண்டா என்ன டீச்சர், கத்தி தீட்டுறதா?"

அவர் சிரித்த சிரிப்பு ஒழுங்கை முடியும்வரை நிற்கவில்லை. "கிட்டத்தட்ட அதுதான் தம்பி. உசிருகள் கொஞ்சம் கொஞ்சமா, கனகாலமா, இடத்துக்கு ஏத்த மாதிரித் தீட்டுப்பட்டு வருது. தீட்டுற ஆள் ஒண்டு இரிக்கா இல்லயா எண்டுதான் சண்டை."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"தெரியாது." முகம் விரிந்தது.

எங்கள் வழியில் பாலை மரங்கள் நிற்கிற ஒரு வளைவு இருந்தது. அங்கே ஒரு குரங்குக் கூட்டம். எனக்கு அவை பரம எதிரிகள். ஏறாவூரில் கொடுத்துப் புதிதாகப் போட்ட சீற்றை ஒரே வாரத்தில் பிய்த்து எறிந்தன. அன்றையிலிருந்து கல்லுகள் கொஞ்சம் சீற்றுக்கடியில் எப்போதும் வைத்திருப்பேன். டீச்சர் இருந்தால் எறிய விடமாட்டார். மெதுவாகப் போகச் சொல்லுவார். "அந்தக் குட்டி வச்சிருக்கிறவட கையப் பாரு. நகத்தப் பாரு தம்பி." நான் பார்த்தேன். பிறகு ஹாண்டிலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்காமல் ஓட்டினேன்.

இனிச் சொல்லப்போவது விளங்க, குடி என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியில் வரும். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவின் குடி. நான் வேறு குடி. ஒரு தாயிலிருந்து பெண்வழியாக இறங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரே வயிற்றுவார். பேச்சில் வயித்துவார் என்போம். அவர்களுக்குள் எல்லோரும் சகோதரம், கலியாணம் கட்ட ஏலாது. கோயில் உரிமைகளும் குடிப்படிதான். வைகாசியில் அம்மாளுக்குச் சடங்கு நடக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு. டீச்சரின் குடிக்குரிய நாளில், அம்மாளுக்குப் படைக்கிற மடைக்கு நெல்லுக் குத்துவார்கள். முதல் உலக்கை போடுகிற உரிமை டீச்சரின் வீட்டுப் பெண்ணுக்கு. தாய் போட்டார், தாய்க்குப் பிறகு இவர்.

அந்த வருசம் சடங்குக்குக் கொஞ்ச நாளைக்கு முன், வகுப்பில் உயிர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிற பாடம். புத்தகத்தில் குடும்பம் என்று போட்டிருக்கிறது. பிள்ளைகள் அதை அப்பா, அம்மா, நாங்கள் என்று நினைத்துக் குழம்பினார்களாம். விளங்கட்டும் என்று டீச்சர், "எங்கட குடி மாதிரி எண்டு வையுங்களன்" என்று சொல்லிவிட்டார். ஒரு பெடியன் அதை வீட்டில் போய்ச் சொன்ன விதம்: "நாமளும் குரங்கும் ஒரு குடியாம். டீச்சர் சொன்னவ."

அந்தப் பெடியனின் தகப்பன்தான் டீச்சரின் குடிக்கு வண்ணக்கர். கோயிலில் அந்தக் குடியின் காரியங்களைப் பார்க்கிறவர், யார் எதைத் தொடலாம் என்று சொல்கிறவர். அவர் நல்ல மனிசன். ஆனால் எல்லோரையும் போல மனைவியின் வீட்டில் இருக்கிறவர். பிள்ளை தாயின் குடியென்பதால், தங்கள் குடியைத்தான் குரங்கென்று சொல்லிவிட்டார் என்று மனைவியின் அண்ணன்மார் கொதித்துப்போனார்கள்.

அடுத்த நாள் வண்ணக்கர் நடு ஒழுங்கையில் சைக்கிளைக் குறுக்கே போட்டு என் ஓட்டோவை மறித்தார்.

"தங்கச்சி, என்ட நிலைமைய யோசி. மச்சான்மார் முகத்தில முழிக்கிறாங்க இல்ல. வீட்டில சோத்தக் கோப்பைய வைக்கிற சத்தமே வேற மாதிரிக் கிடக்கு. நீ நாளைக்குப் பின்னேரம் கோயிலடியில ஆக்களுக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லு. குரங்குக் கதை பொய்யெண்டு. அவ்வளவும் போதும்."

"சொல்லாட்டி அண்ணன்?"

அவர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். "சொல்லாட்டி உலக்கை உன்ட கைக்கு வராது. என்னால ஏலா."

அவர் போன பிறகு நான் ஓட்டோவை எடுக்காமல் இருந்தேன். டீச்சர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ரெண்டு புள்ள பிறந்திச்சு தம்பி. ஒண்டும் தங்கல்ல. எங்கட அம்மாவோட வந்த உலக்கை என்னோட முடியுது. அதுக்கு முன்ன கையிலயிருந்து போகணுமா?"

"ஒரு சொல்லுத்தானே டீச்சர்? சொல்லிப்போட்டு வாங்களன்."

"சொன்னா நாளைக்குப் புள்ளைகளுக்கு முன்னால எப்பிடி நிக்கிற? சொல்லாட்டி அம்மாளுக்கு முன்னால எங்க நிக்கிற?"

"அப்ப என்ன செய்யப்போறீங்க?"

"தெரியாது," என்றார். அன்றைக்கு மட்டும் அவர் முகம் விரியவில்லை.

மறுநாள் நான்தான் அவரைக் கோயிலடிக்குக் கொண்டுபோனேன். பெண்கள் உரலைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். கட்டாடியார் ஒரு பக்கமாகத் தென்னம்பாளை வகிர்ந்துகொண்டிருந்தார். வண்ணக்கருக்குப் பின்னால் இரண்டு மைத்துனர்மாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மீன் அக்கா முன் வரிசையில்.

வண்ணக்கர் செருமினார். "வளத்திக் கதைக்கல்ல தங்கச்சி. ஒரு கேள்விதான். மனிசன் குரங்கில இருந்து வந்தவனா? ஓமா இல்லயா?"

"இல்ல," என்றார் டீச்சர்.

எனக்கு என்னவோ போலானது. சொல்லிப்போட்டு வாங்கள் என்று சொன்னவனே நான்தான். ஆனாலும் அவர் சொன்னபோது சந்தோசம் வரவில்லை. வண்ணக்கருக்கு வந்தது. "கேட்டீங்கதானே? முடிஞ்சிது, உலக்கைய..."

"முடியல்ல அண்ணன், மிச்சத்தையும் கேளுங்க. குரங்கு எங்கட தாயெண்டு நான் படிப்பிக்கல்ல. நீங்களும் நானும் ஒரு குடி. அதுக்காக நீங்க எனக்குத் தகப்பனா, நான் உங்களுக்குத் தாயா? ரெண்டு பேருக்கும் மேல ஒரு தாய் இருந்திருக்கா. அவட வயித்துவார் நாம. குரங்கும் மனிசனும் அப்பிடித்தான். கனக்கக் கனக்க மேல போனா ஒரு தாய். அது இப்ப இரிக்கிற குரங்கும் இல்ல, மனிசனும் இல்ல. ஒரு வழி அங்கால போச்சு, ஒரு வழி இஞ்சால வந்திச்சு. குடி எப்பயோ பிரிஞ்சிட்டு. வயித்துவார் ஒண்டு."

மீன் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப டீச்சர், குரங்கு எனக்கு என்ன முறை? மச்சானா?"

"மச்சான் இல்லகா. ஒரு வயித்துவாரெண்டா சகோதரம். கட்டேலா."

"ஐயோ அம்மாளே! அப்ப நான் என்ட மனிசனக் கட்டினது பிழையெண்டு சொல்லுங்க!"

பெண்கள் பக்கம் வெடித்தது. உரலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது: "வண்ணக்கர், புள்ள தாய்ட குடிதானே? குரங்கெண்டா மச்சான்மார்தானே குரங்கு. உங்களுக்கு என்ன நட்டம்?" மூத்த மைத்துனர் முறைத்துக்கொண்டு நிற்கத்தான் பார்த்தார். மீசை ஆடிவிட்டது.

இளைய மைத்துனர் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும்," என்றார். "அந்த முதல் தாய ஆர் படைச்ச? அம்மாள் இல்லயா? அதச் சொல்லட்டும் இவ."

"அது எனக்குத் தெரியாது தம்பி," என்றார் டீச்சர்.

முகம் விரிந்ததை நான் கண்டேன். அத்தனை பேருக்கும் முன்னால், பழையபடி.

"எப்பிடி இறங்கி வந்தம் எண்டு தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. அது மெய். ஆருக்காகவும் அத மாத்திச் சொல்ல மாட்டன். ஏன் வந்தம் எண்டு கேட்டா எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி வகுப்பிலயும் நடிக்கிறதில்ல, இஞ்சயும் நடிக்க மாட்டன். புருசனக் கள்ளனெண்டு சொன்ன ஒரு பொய்யால வந்த சூட்டத்தானே அண்ணன் அம்மாளுக்கு வருசா வருசம் குளுத்துறம். அவவுக்கு முன்னால நின்டு நான் இன்னொரு பொய் சொல்லவா?"

வண்ணக்கர் மைத்துனர்மாரைப் பார்த்தார், அவர்கள் கட்டாடியாரைப் பார்த்தார்கள். கட்டாடியார் பாளையைக் கீழே வைத்தார்.

"வயித்துவார்க் கதை எனக்கு அரைவாசிதான் விளங்கின. ஆனா தெரியாதெண்டு சொல்ற வாய் பொய் சொல்லாது. உலக்கையக் குடுங்க." பிறகு, "கைப்பைய மட்டும் வெளிய வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு இளைய மைத்துனர்கூட நின்று எதிர்க்கவில்லை. வண்ணக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அந்தக் கேள்வி சோதினைக்கு வருமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"வரும்."

"அப்ப அவனுக்கு வடிவாச் சொல்லிக்குடு. குடியெண்ட சொல்ல மட்டும் விட்டிரு."

சடங்கன்று முழங்கால் வருத்தத்தோடு அவர் உரலடியில் நின்றார். உலக்கையை இரண்டு கையாலும் தூக்கி முதல் குத்துப் போட்டபோது பெண்களின் குரவை எழுந்தது. கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் ஏதோ மெல்லக் கிலுகிலுத்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரு கேள்வி அரித்தது. "நாளைக்கு ஆராவது அந்த 'ஏன்' எண்டதையும் கண்டுபிடிச்சா? கும்பிடுறத விட்டிருவீங்களா டீச்சர்?"

"உன்ட மகள் கழுத்தில கொடி சுத்திப் பிறந்தவ எண்டாய். எப்பிடித் தப்பினா எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டினவர் எண்டாய். விளங்கினதா?"

"ஓம். நல்லா விளங்கின."

"விளங்கினாப் பிறகு எங்க போன நீ?"

"கோயிலுக்கு. தேங்காய் உடைக்க."

"எல்லாம்தான் விளங்கிட்டே. மறுகா என்னத்துக்குப் போன?"

நான் யோசித்தேன். "சந்தோசம் தாங்கேலாமத்தான் போனன் டீச்சர்."

"நானும் அதுக்குத்தான் போற," என்றார்.

பாலை மர வளைவில் மெதுவாகப் போகச் சொன்னார். குரங்குகள் மரத்திலிருந்தன. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னோட முடியுது எண்டுதான் இவ்வளவு நாளும் அழுதன். படிப்பிக்கிற பாடத்த எனக்கே ஒருநாள் சொல்லிப் பாத்தன் தம்பி. ஒண்டும் முடியல்ல. இதெல்லாம் என்ட வயித்துவார்தானே."

மகள், நீ பிறந்தபோது டொக்டர் சொன்னதும் மெய், நான் தேங்காய் உடைத்ததும் ஏமாத்து இல்லை. இதைத்தான் அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. நீ புத்தகத்தை எடு. விளக்கு வைக்க மனம் வந்தால் வை, வராவிட்டால் கொஞ்ச நாள் தம்பி வைக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு, போதும். மகன், அம்மாள் ஒருவரின் கண்ணையும் கெடுக்க மாட்டா. அக்காவிடம் மன்னிப்புக் கேள். குரங்கு என்றதற்கு அவள் கேட்கத் தேவையில்லை, அது உண்மையில் சொந்தக்காரரின் பெயர்தான்.

டீச்சரை வாசலில் இறக்கினபோது மடையிலிருந்து ஒரு சீப்புக் கதலிப்பழம் எடுத்து என்னிடம் தந்தார், வீட்டுக்குக் கொண்டுபோ என்று. தனியாக வந்தேன். வளைவில் அந்தக் குட்டிக்காரி ரோட்டோரமாக இறங்கி இருந்தாள். குட்டி அவள் வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்தது. ஓட்டோவை நிறுத்தினேன். என் கை பழக்கத்தில் சீற்றுக்கடியில் போனது. கல்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து வடிகானுக்குள் போட்டேன். பிறகு முன்னும் பின்னும் பார்த்தேன், ரோட்டில் ஒருவரும் இல்லை. இரண்டு பழத்தைப் பிய்த்து நீட்டினேன். சும்மா கொடுக்க ஒரு மாதிரியாக இருந்தது.

"இந்தா அக்கா," என்றேன்.